குடியிருந்தோரும் உடையோரும்: தங்கவயல் நண்பன் ஒருவனின் நினைவாக

என் பள்ளித் தோழன் ஒருவன் 2021ஆம் ஆண்டு மே மாதம், கொரோனாப் பெருந்தொற்றின் இரண்டாம் அலையில் மறைந்தான். அவனுக்கு அப்போது 25 வயது. இறுதிச் சடங்கில் நான்கு பேர் சேர்ந்து நிற்கவே அஞ்சிய காலம் அது. அவனைப் பற்றிப் பேச வேண்டியவற்றை அன்று யாரும் பேசவில்லை. அந்தக் கடனில் ஒரு பகுதியையாவது தீர்க்கும் எண்ணத்தில் இந்த நீண்ட பதிவை எழுதுகிறேன். குடும்பத்தாரின் விருப்பத்தை மதித்து அவன் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் பகுதியின் லைன் வீடு ஒன்றில் வளர்ந்தவன் அவன். தந்தை சுரங்கத் தொழிலாளி. சுரங்கம் மூடப்பட்டபோது இவனுக்கு ஐந்து வயது. கட்டடவியலில் பட்டயம் பெற்றபின் பெங்களூரில் மேற்பார்வையாளனாக வேலை கிடைத்தது. தங்கவயலின் ஆயிரக்கணக்கான உழைப்பாளிகளைப் போல அவனும் விடியுமுன் மாரிகுப்பம் ரயிலைப் பிடித்து, இரவில் அதே ரயிலில் திரும்பினான். எஞ்சிய ஞாயிறுகளையும் விடுமுறைகளையும் ஏழைகளுக்கு வீடு கட்டித் தரும் தன்னார்வக் குழுக்களுக்குக் கொடுத்தான். சாரம் கட்டுவான், சித்தாளாக நின்று கலவை சுமப்பான், மாலையில் கணக்கு எழுதுவான். இதற்காக ஒருபோதும் கூலி வாங்கியதில்லை.

ஒரு குடும்பத்துக்கு வீடு கட்டப் போகிறோம் என்று யாராவது சொன்னால், எத்தனை சதுர அடி, எவ்வளவு செலவு என்று அவன் முதலில் கேட்க மாட்டான். "மனை யார் பேர்ல இருக்கு?" என்பதே அவனுடைய முதல் கேள்வி. அதற்கு விடை கிடைக்கும்வரை அடுத்த பேச்சுக்கு நகர மாட்டான். இதனால் நாங்கள் அவனுக்குப் 'பட்டா' என்றே பட்டப்பெயர் வைத்திருந்தோம். நல்ல காரியத்துக்கு நடுவே இப்படித் தாள் கேட்கிறானே என்று எனக்கு எரிச்சல்கூட வந்ததுண்டு. ஆய்வுக்காகத் தங்கவயலின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்தக் கேள்வியின் வேர் எனக்குப் புலப்பட்டது. அவனுடைய பிடிவாதம் என்று நாங்கள் நினைத்திருந்தது, ஏறத்தாழ 120 ஆண்டுகளாக ஓர் ஊர் கற்றுக்கொண்ட பாடம்.

அந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். கோலார்ப் பகுதியில் ஊர்மக்கள் மண்ணை அலசிப் பொன் எடுப்பதை 1802இல் ஜான் வாரன் என்ற ஆங்கிலப் படை அதிகாரி பதிவு செய்தார். 1870களில் மைக்கேல் லாவெல் என்ற முன்னாள் படைவீரர் மைசூர் அரசிடம் சுரங்க உரிமை பெற்றார். 1880இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் நிர்வாகத்தை ஏற்ற பிறகே தங்கவயல் ஒரு பெருந்தொழில் நகரமாக வளர்ந்தது. மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம் ஆகிய சுரங்கங்கள் அடுத்தடுத்து ஆழமாயின. வட ஆற்காடு, சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்து தமிழ் பேசும் மக்கள் குடும்பம் குடும்பமாக வந்தனர். அவர்களுள் பெரும்பான்மையோர் ஆதிதிராவிடர். ஊரில் சேரிக்கு வெளியே ஒரு சாண் நிலமும் இல்லாதிருந்த அவர்களுக்கு, பண்ணையாரிடமிருந்து விலகி ரொக்கக் கூலி பெறுவதே பெரிய விடுதலையாக இருந்தது. இதை மறந்துவிட்டுத் தங்கவயலைத் துயரக் கதையாக மட்டும் எழுதுவது நேர்மையாகாது.

ஆனால் அவர்கள் தங்கிய இடம் எப்படி இருந்தது? தொடக்கப் பதிற்றாண்டுகளில் பெரும்பாலோர் மூங்கில் தட்டிகளால் ஆன தாழ்ந்த குடிசைகளில் வாழ்ந்தனர். 1898இல் பெங்களூரைத் தாக்கிய பிளேக் நோய் தங்கவயலையும் அச்சுறுத்தியது. நெரிசலைக் குறைக்கச் சுரங்க எல்லைக்கு வெளியே திட்டமிட்டு அமைக்கப்பட்ட ஊரே ராபர்ட்சன்பேட்டை. மைசூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த டொனால்டு ராபர்ட்சனின் பெயரை அது தாங்கி நிற்கிறது. காலப்போக்கில் தட்டிக் குடிசைகளின் இடத்தில் சுவர் வைத்த லைன் வீடுகள் எழுந்தன. ஒரே கூரையின்கீழ் வரிசையாகப் பல குடும்பங்கள். குடும்பத்துக்குப் பெரும்பாலும் ஓர் அறை, அதன்முன் ஒரு சிறு தாழ்வாரம்.

'லைன்' என்ற இச்சொல்லின் பயணம் கவனத்துக்குரியது. இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் இதே ஆங்கிலச் சொல் 'லயன்' என்றும் 'லயம்' என்றும் வழங்குகிறது. அங்கே ஓர் அறையைக் 'காம்பரா' என்பர். அது போர்த்துக்கீசியம் தந்த சொல். தங்கவயலிலோ 'லைன்' என்பது தெருவின் பெயர், முகவரி, உறவு மூன்றுமாக ஆயிற்று. "அவங்க எங்க லைன்காரங்க" என்றால் பங்காளிக்குச் சமம். கடல் கடந்த இரண்டு தொழிற்களங்களில், ஒரே காலகட்டத்தில், ஒரே வகைத் தமிழ் மக்கள் தங்கள் வசிப்பிடத்துக்கு ஒரே சொல்லைப் பெற்றிருக்கிறார்கள். வீடு, மனை, இல்லம், குடில், அகம் என்று இத்தனை சொற்கள் நம்மிடம் இருந்தும், அந்த இடத்துக்கு அவற்றில் எதுவும் முழுமையாகப் பொருந்தவில்லை. வேலைக்காக வரிசைப்படுத்தி நிறுத்தப்பட்ட வசிப்பிடத்தை, அதை அமைத்தவரின் சொல்லாலேயே குறிக்க வேண்டியிருந்தது.

தங்கவயலுக்கு நிறுவனம் எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியில் பிறந்த மின்சாரம் 1902இல் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பிவழியே சுரங்கங்களுக்கு வந்தது. அந்நாளில் உலகின் மிக நீண்ட மின்பாதைகளுள் ஒன்று அது. பாலாற்றின் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து குழாய்வழியே நீர் வந்தது. மருத்துவமனையும் பள்ளிகளும் இருந்தன. ஐரோப்பிய அதிகாரிகளின் பங்களாக்கள், தோட்டங்கள், கிளப், கோல்ஃப் திடல் ஆகியவற்றைக் கண்டவர்கள் இவ்வூரைக் குட்டி இங்கிலாந்து என்றனர். லைன் வீட்டின் குறை அதன் அளவோடு முடிவதில்லை. அங்கே கூரையும் வேலையும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டிருந்தன. வேலை இருக்கும்வரை வீடு. வேலை போனால் வீட்டின் மீது எந்தப் பேச்சும் இல்லை. நுரையீரலில் பாறைத்தூள் படிந்து தந்தை தளர்ந்ததும் மகன் சுரங்கத்தில் இறங்குவதற்குக் கூலி ஒரு காரணம். குடும்பத்தின் கூரையைக் காப்பது மற்றொரு காரணம். ஆழத்தில் பாறை வெடித்தால் மேலே லைன் வீடுகளின் சுவரும் அதிரும். எந்த ஷாஃப்டில் என்ன ஆயிற்றோ என்று பெண்கள் வாசலுக்கு ஓடிவருவார்கள். கூரையின் உயிர் கீழே எங்கோ இருக்கிறது என்பதை அந்த அதிர்வு அடிக்கடி நினைவூட்டியது.

1930 ஏப்ரலில் நிகழ்ந்த வேலைநிறுத்தத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். தொழிலாளர் அனைவரிடமும் கைரேகை பதிவு செய்ய நிர்வாகம் முனைந்தது. தங்கத் திருட்டைத் தடுக்கத் தனிச்சட்டமும் தனிக் காவலும் ஏற்கெனவே இருந்த ஊர் அது. கைரேகை என்பது குற்றவாளியின் அடையாளம் என்று கொதித்த தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வேலைக்கு இறங்க மறுத்தனர், நிர்வாகம் பின்வாங்கியது. இந்த நிகழ்ச்சியைப் பற்றி ஒருமுறை அவனிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "நம்ம தாத்தாமாருக்குக் கைரேகை வைக்கச் சொன்ன ஒரே தாள் அதுதான் போல. பத்திரத்துல வைக்க யாரும் கூப்பிடல" என்றான். வரலாற்று ஆசிரியர் எவரும் அந்த வேலைநிறுத்தத்தை மனைப்பத்திரத்தோடு சேர்த்து எழுதி நான் வாசித்ததில்லை. அவனுக்கு அது இயல்பாக வந்தது.

சொந்த மனை இல்லாதவர்கள் பொதுவுக்காகக் கட்டாமல் இருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய 'தமிழன்' இதழுக்குத் தங்கவயல் உறுதியான வாசகத் தளமாக விளங்கியது. மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃப்பிலும் பௌத்த சங்கங்கள் இயங்கின. அயோத்திதாசரின் எழுத்துகள் இங்கிருந்து சித்தார்த்தா புத்தகசாலை வழியாக நூல்களாயின. 1914இல் அவர் மறைந்தார். 1926இல் பண்டிதமணி ஜி. அப்பாதுரையார் 'தமிழன்' இதழை இங்கிருந்தே மீண்டும் நடத்தத் தொடங்கினார். இவற்றுக்கெல்லாம் பின்னால் நின்றது சுரங்கத் தொழிலாளியின் கூலிக்காசும் ஓய்வு நேரமும்தான். தங்கள் பெயரில் ஓர் அறைகூட இல்லாதவர்கள் சங்கத்துக்குக் கட்டடமும் இதழுக்கு அச்சும் கிடைக்கச் செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமையில் கலவை சுமந்த என் நண்பனை நான் இந்த மரபில் வைத்தே பார்க்கிறேன். தன்னார்வத் தொண்டு என்பது பெருநிறுவனங்களின் கையேடுகளிலிருந்து அவனுக்கு வரவில்லை.

1956இல் சுரங்கங்கள் மைசூர் அரசின் கைக்கும், 1962இல் மத்திய அரசின் கைக்கும் மாறின. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட் உருவாயிற்று. 2001 பிப்ரவரி இறுதியோடு சுரங்கப் பணி நின்றது. அதற்குள் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்திலிருந்து 800 டன்னுக்கு மேற்பட்ட தங்கம் வெளியேறியிருந்தது. லைன்களில் மக்கள் தொடர்ந்து வாழ்ந்தனர். கூரையை வேலையோடு பிணைத்திருந்த முடிச்சில் ஒரு முனை அறுந்துவிட்டது. மறுமுனை யார் கையில் என்பதே கேள்வியாயிற்று. குடியிருக்கும் வீட்டைத் தங்கள் பெயருக்குத் தர வேண்டும் என்பது ஆண்டுக்கணக்கில் மனுக்களிலும் கூட்டங்களிலும் தேர்தல் மேடைகளிலும் ஒலித்துவந்த கோரிக்கை. என் நண்பன் எழுதக் கற்ற வயதில் முதலில் எழுதிக்கொடுத்த பெரிய எழுத்து, தன் பாட்டிக்காக எழுதிய இத்தகைய மனு ஒன்றுதான்.

இந்த இடத்தில் ஒரு சொல்லை நிறுத்திப் பார்க்க விரும்புகிறேன். அது 'குடி'. குடும்பம், வசிப்பிடம், ஊர், ஆளப்படும் மக்கள் என்று பல பொருள்களைத் தமிழ் அகராதிகள் இதற்குத் தருகின்றன. குடியிருப்பவனும் குடிமகனும் ஒரே வேரில் நிற்பவர்கள். 1971இல் தமிழ்நாடு அரசு, நிலவுடைமையாளரின் நிலத்தில் குடியிருந்த விவசாயிகளுக்கும் விவசாயத் தொழிலாளர்களுக்கும் அந்தக் குடியிருப்பு மனையையே உரிமையாக்கும் சட்டத்தை இயற்றியது. 'குடியிருப்பு' என்ற தமிழ்ச்சொல் அந்தச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே இடம்பெற்றிருக்கிறது. கேரளத்தில் 1970 முதல் நடைமுறைக்கு வந்த நிலச்சீர்திருத்தம், 'குடிகிடப்பு' உரிமையாக ஊராட்சிப் பகுதிகளில் 10 சென்ட் வரை குடிசையைச் சுற்றிய நிலத்தைப் பெற வழிசெய்தது. கர்நாடக நிலச்சீர்திருத்தச் சட்டமும் விவசாயத் தொழிலாளியின் குடியிருப்பைக் கருத்தில் கொண்டது. மூன்றிலும் பாதுகாக்கப்பட்டவர் நிலத்தின் மேல் உழைத்தவர். நிலத்துக்கு அடியில் உழைத்தவர் அந்த வரையறைகளுக்குள் வரவில்லை. பண்ணையை விட்டு வெளியேறியது தங்கவயல் மக்களுக்கு விடுதலை என்று முன்னர் எழுதினேன். பண்ணையிலேயே தங்கிவிட்ட உறவினர்களுக்குப் பிற்காலத்தில் சட்டம் தந்த மனை, வெளியேறியவர்களுக்குக் கிட்டவில்லை என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

சட்டம் இருந்தால் மட்டும் போதுமா என்ற கேள்விக்கு விடை தேட, அதே வேளாண் தமிழகத்தின் கீழத்தஞ்சைக்குச் செல்ல வேண்டும். என் நண்பனும் அங்கேதான் சென்றான். 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அந்தச் செய்தி, பூதான இயக்கத்தில் வினோபாவோடு நடந்த சர்வோதயத் தம்பதியரான எஸ். ஜெகந்நாதனையும் கிருஷ்ணம்மாளையும் அப்பகுதிக்கு அழைத்துவந்தது. 1981இல் அவர்கள் லாஃப்டி என்ற நிலவுரிமை இயக்கத்தைத் தொடங்கினர். நிலவுடைமையாளரோடு பேசி, வங்கிக் கடன் பெற்று நிலத்தை வாங்கி, குடும்பத்துக்கு ஏறத்தாழ ஓர் ஏக்கர் வீதம் பெண்களின் பெயரில் பதிவு செய்வது அவர்களின் வழி. இவ்வாறு நிலம் பெற்றோர் 13,000 குடும்பங்கள் என்ற அளவை ஒட்டியவர்கள். கிருஷ்ணம்மாள் வீட்டை மறக்கவில்லை. மழையில் கரையும் மண்குடிசைகளுக்கு மாற்றாக, மக்களே செங்கல் அறுத்து, சூளை வைத்து, தங்கள் உழைப்பால் வீடு எழுப்பும் முயற்சியில் முதுமையிலும் ஈடுபட்டார். 2008இல் இத்தம்பதியருக்கு 'மாற்று நோபல்' எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. 2013இல் ஜெகந்நாதன் மறைந்தார். 2020இல் கிருஷ்ணம்மாளுக்குப் பத்மபூஷண் அறிவிக்கப்பட்டது. இதில் நாம் கவனிக்க வேண்டியது வரிசை. முதலில் நிலம், அதுவும் பெண்ணின் பெயரில், அதன்பின் வீடு.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. தென்னையும் குடிசையும் சாய்ந்த அந்தச் செய்தியைக் கேட்டு, வேலையில் ஊதியமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு அவன் சென்றான். நான் அப்போது முதுகலை மொழியியல் படித்துக்கொண்டிருந்தேன். இரவுகளில் தொலைபேசியில் பேசுவான். லாரி பேக்கரின் பெயரை நான் முதலில் கேட்டது அப்படித்தான். வீடு கட்டும் பொருள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைப்பதாக இருக்க வேண்டும் என்று காந்தி சொன்னதைத் தன் கட்டடக்கலையின் அடிப்படையாகக் கொண்டவர் பேக்கர். அவர் பரப்பிய 'எலிப்பொறிக் கட்டு' முறையில் செங்கல்லைப் படுக்கையாக வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, இடையே வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்புவார்கள். செங்கல்லில் நான்கில் ஒரு பங்கு மிச்சமாகும். வெற்றிடத்துக் காற்று வெயிலையும் தடுக்கும். உள்ளூர்க் கொத்தனார்கள் முதலில் நம்பவில்லை. இவன் கையளவு சுவர் ஒன்றைக் கட்டி, அதன்மேல் ஏறி நின்று காட்டினானாம்.

செங்கல்லில் மிச்சம் பிடித்த அதே கை, தாள்களிலும் பிடிவாதம் காட்டியது. ஒரு மூதாட்டியின் குடிசை இருந்த இடத்துக்குத் தாள் எதுவும் இல்லை. குழுவிலிருந்த பலரும் முதலில் சுவரை எழுப்பிவிடலாம் என்றனர். இவன் மறுத்தான். மழைக்குத் தற்காலிகக் கூரை போட்டுக் கொடுத்துவிட்டு, அந்த அம்மாவோடு அலுவலகப் படிகளில் பல நாள் ஏறி இறங்கினான். "நாம கட்டிக் கொடுத்துட்டுப் போயிடுவோம். நாளைக்கு ஒருத்தன் வந்து எழுந்திரும்மான்னு சொன்னா, நாம கட்டினது அவனுக்கு" என்று என்னிடம் சொன்னான். லைன் வீட்டில் வளராத ஒருவனுக்கு இந்த அச்சம் இவ்வளவு தெளிவாகத் தோன்றியிருக்குமா என்பது ஐயமே.

அவன் நிலைப்பாட்டுக்கு மறுப்பு இல்லாமல் இல்லை. நனைந்துகொண்டிருப்பவருக்கு முதலில் கூரை, பிறகு தாள் என்ற வாதம் இரக்கத்திலிருந்து பிறப்பது. அதைக் குறைத்துப் பேச மாட்டேன். பட்டா கைக்கு வந்ததும் கடனுக்காகவோ மருத்துவத்துக்காகவோ விற்றுவிடும் குடும்பங்களும் உண்டு. உரிமையாக்கம் ஒன்றே தீர்வு என்போர் இதற்கு விடை சொல்ல வேண்டும். பெண்ணின் பெயரில் பதிவதே விற்பனையைத் தாமதப்படுத்தும் என்பான் அவன். தாமதப்படுத்தும், தடுக்காது என்பேன் நான். அந்த விவாதம் முடியவில்லை. தன்னார்வலர்கள் கட்டும் வீடுகள் தேவையின் முன் மிகச் சில என்பதையும் அவன் அறிந்திருந்தான். 2015இல் தொடங்கிய பிரதமரின் வீட்டுவசதித் திட்டத்தின் நகர்ப்புறப் பிரிவில், பயனாளி தானே வீடு கட்டிக்கொள்ளும் உதவியைப் பெறச் சொந்த மனை வேண்டும். அரசின் பெருந்திட்டமும் அவனுடைய கேள்வியையே கேட்கிறது. அவன் விடை கிடைக்கும்வரை உடன் நடந்தான்; விண்ணப்பப் படிவம் அப்படி நடக்காது.

மலையகத்தின் லயங்களிலும் இன்று இதே திசையில்தான் மாற்றம் தேடப்படுகிறது. லயத்தைப் பழுதுபார்ப்பதோடு நிற்காமல், குடும்பத்துக்கு 7 பேர்ச் நிலத்தோடு தனிவீடு என்ற கொள்கை அங்கே உருவாயிற்று. இந்திய அரசின் உதவியில் முதலில் 4,000 வீடுகளும், 2017இல் மேலும் 10,000 வீடுகளும் மலையகத்துக்கு அறிவிக்கப்பட்டன. ஒரே ஆங்கிலச் சொல்லால் குறிக்கப்பட்ட இரண்டு வசிப்பிடங்களில் ஒன்றின் வரலாறு மற்றொன்றுக்குப் பாடமாகலாம். ஒப்பீட்டு ஆய்வு செய்ய விரும்பும் மாணவர்களுக்கு இது திறந்து கிடக்கும் களம்.

'கட்டுப்படியாகும் விலை' என்று தமிழில் சொல்கிறோம். மலிவு என்பது பொருளின் தன்மை. கட்டுப்படி என்பது வாங்குபவரின் நிலை. என் நண்பனுக்கு வீடு கட்டுப்படியாவது செங்கல்லின் விலையில் தொடங்கவில்லை. வேலை போனாலும், நோய் வந்தாலும், கணவர் இறந்தாலும் அங்கேயே இருக்க முடியுமா என்பதில் தொடங்கியது. 120 ஆண்டு தங்கவயல் வரலாற்றிலிருந்து ஒரே ஒரு வரியைச் சாரமாக எடுக்கச் சொன்னால் நான் இதைத்தான் எடுப்பேன். ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்து நான் மெல்ல வந்தடைந்த இடத்துக்கு, அவன் கலவைச் சட்டியோடு முன்னரே வந்து சேர்ந்திருந்தான்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். தங்கவயலிலிருந்து வந்து இப்பதிவை வாசிக்கும் மாணவர்கள் தங்கள் வீட்டுப் பெட்டிகளைத் திறந்து பாருங்கள். தாத்தாவின் சம்பளச் சீட்டு, வீடு ஒதுக்கிய துண்டுத்தாள், மின்கட்டண ரசீது, திருப்பி அனுப்பப்பட்ட மனு என்று எது கிடைத்தாலும் தூக்கி எறியாதீர்கள். ஒளிப்படம் எடுத்து வையுங்கள். எந்த லைன், எந்த ஆண்டு என்பதைப் பாட்டிமாரிடம் கேட்டு எழுதி வையுங்கள். நாளை யாரேனும் "மனை யார் பெயரில்?" என்று கேட்கும்போது, இங்கே யார் எத்தனை தலைமுறை குடியிருந்தார்கள் என்று சொல்ல அந்தத் தாள்களே சான்று. அவன் அம்மா இன்னும் அதே லைன் வீட்டில்தான் இருக்கிறார். சென்ற மாதம் சென்றிருந்தபோது, அவன் பாட்டிக்காக எழுதிய அந்த முதல் மனுவின் நகலை எனக்குக் காட்டினார். எழுத்துப் பிழைகள் நிறைந்த அந்தத் தாளை நெகிழி உறையில் இட்டு, அரிசிப் பானைக்கு மேல் மாடத்தில் பத்திரமாக வைத்திருக்கிறார்.